கடைசிக் குடம்

சங்கரன்கோவிலில் நான் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் பின்தெருக் குழாயில் காலையில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. பாதி வீடுகளில் பூட்டு தொங்குகிறது. அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே பிளாட் வாங்கிக் குடிபோய்விட்டார்களாம். மிச்சப் பேரின் குடங்கள் குழாயடியில் வரிசையாக நிற்கின்றன.

ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறவர் இந்த வார்டு கவுன்சிலர். தன் குடத்தை வரிசையின் கடைசியில் வைக்கிறார். அவரும் போன மாதம் ஊருக்கு வெளியே குடிபோனவர்தான்.

"கவுன்சிலர் வீட்லயே தண்ணி இல்லையா?" என்கிறேன்.

"அங்கன பஞ்சாயத்துல்லா? உப்புத் தண்ணிதான். நான் சொன்னா இந்தத் தெருவுக்குக் குழாய் வரும், எங்க வீட்டுக்கு வராது. அந்த ஏரியாவ நகராட்சியோட சேக்கச் சொல்லி மனு குடுத்திருக்கேன்" என்று சிரிக்கிறார்.

வரிசையில் முதலில் நிற்கும் பெண் அவருடைய குடத்தை எடுத்து வந்து குழாய்க்கு அடியில் வைக்கிறாள். "நீங்க மொதல்ல பிடிங்கக்கா. வெளியூர்லருந்து வந்த விருந்தாளில்லா."

பிரியமாகத்தான் சொல்கிறாள். கவுன்சிலரின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

"விருந்தாளியா? ஏட்டி, நான் இந்தத் தெருக்காரி."

குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைசிக்கே போகிறார்.