நான்கு விரல் கபரகொய்யா

என் தங்கை வரைந்த நீர்வர்ணப் படத்தின் மேல் நான் சிவப்புப் பேனாவால் திருத்தம் போட்டேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் விலங்கியல் கொப்பிகளைத் திருத்திய கை அது. அதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை.

அவள் கல்யாணம் கட்டாதவள். கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கிறாள். கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு சிறுவர் கதை எழுதத் தொடங்கினாள். எழுதிய முதல் தாளையும் அதற்கான படத்தையும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, என் மனைவியோடு கதைக்கக் குசினிக்குள் போனாள். கால்வாய்க் கரையில் முன்காலைத் தூக்கியபடி ஒரு கபரகொய்யா. அந்தப் பெரிய நீர் உடும்பை எங்கள் யன்னலில் நின்று பல நாள் பார்த்திருந்தாள். தண்ணீரின் அழுக்குப் பச்சை அப்படியே வந்திருந்தது. நான் பார்த்தது அந்த முன்காலை மட்டும். நான்கு விரல்கள். வட்டம் போட்டு, பக்கத்தில் 5 என்று எழுதினேன்.

வந்து பார்த்தவள் அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"எத்தனை மார்க்ஸ், சேர்?"

நான் சிரித்தேன். அவள் படத்தை எடுக்காமலே போய்விட்டாள். பிறகுதான் கதைத் தாளை வாசித்தேன். தொலைந்துபோன தன் விரலைத் தேடிப் புறப்படுகிறது ஒரு கபரகொய்யா. கரையேறக் காலைத் தூக்குவதோடு தாள் முடிகிறது. அதன்பின் அவள் ஒரு வரி எழுதவில்லை, தூரிகையையும் தொடவில்லை. நான் கேட்டபோதெல்லாம் வேறு பேச்சுக்குப் போனாள். ஆறு வருடத்தில் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவளுடைய பார்வையை முக்கால்வாசி எடுத்துவிட்டது.

போன மாதம் ஈரப் பஞ்சால் அந்தச் சிவப்பை எடுக்கப் பார்த்தேன். மை கரைந்து படத்திலிருந்த தண்ணீருக்குள் பரவியது. விடாமல் தேய்த்தேன். காலும் அழிந்துபோனது. படத்தையும் புறக்கோட்டையில் வாங்கிய வர்ணப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் படத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இப்ப எத்தனை விரல், அண்ணா?"

"நாலு" என்றேன்.

அவளுடைய கை தாளைத் தடவிக்கொண்டே போய், பஞ்சுபோல எழும்பியிருந்த இடத்தில் நின்றது.

"தேய்ச்சனீங்களோ?"

"ஓம்."

அவள் படத்தை என் மடியில் வைத்தாள். வர்ணப் பெட்டியைத் திறக்கவேயில்லை. திரும்பி வரும்போது இரண்டும் என் கையில்தான் இருந்தன.