மனுவில் எழுதாத கேள்வி

என் மகன் ஏழு மாதம் இருந்தான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி, என் கணவரின் ஊரான தென்னேரிக்குக் கொண்டு வந்தோம். வாசலில் கொஞ்ச நேரம் கிடத்தியிருந்தார்கள். பிறகு என் கணவர் அவனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னால் நாலைந்து ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. தெரு முனைவரை ஓடிய என்னை நாத்தனார் பிடித்து இழுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூளியை அவிழ்த்து எங்கோ வைத்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே வாலாஜாபாத்தில் தான் வேலை பார்த்த டிராக்டர் பட்டறைக்குப் போய்விட்டார். நான் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போவார். இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று முடிவு கட்டினேன். காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அவர் அழைக்க வரவில்லை. கடைசியில் நானே விவாகரத்துக்கு மனு போட்டேன்.

"பேச மாட்டேன்றாருன்னு மட்டும் எழுதினா நிக்காதும்மா" என்றார் வக்கீல். அடித்தார், துன்புறுத்தினார் என்றெல்லாம் மனுவில் வந்தது. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெயரைக் கூப்பிடுவார்கள், வக்கீல்கள் எழுந்து ஏதோ சொல்வார்கள், அடுத்த தேதி விழும். ஒரே வராண்டாவில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைவோம்.

நீதிமன்ற வளாகத்தில் அப்போதுதான் சமரச மையம் தொடங்கியிருந்தார்கள். நீதிபதி எங்களை அங்கே அனுப்பினார். பழைய சாமான் அறையை வெள்ளையடித்து, ஒரு வட்ட மேசை போட்டிருந்தார்கள். சமரசம் பேச நியமிக்கப்பட்டிருந்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு பெண் வக்கீல். எங்கள் வக்கீல்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்.

"இங்க பேசறது எதுவும் ஜட்ஜுக்குப் போகாது. யார் மேல தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல. உனக்கு இவர்கிட்ட என்னம்மா வேணும்?"

ஜீவனாம்சம், என் நகைகள் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"குழந்தைய எங்க வெச்சீங்க?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டேன். "எந்த இடம்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

 

"ஏரிக்கரை ஓரம். பனைமரத்தாண்ட" என்றார் மேசையைப் பார்த்தபடி. "நான்தான் குழியில எறங்கி வெச்சேன். மண்ணு ஈரமா இருந்திச்சி. துணிய இன்னொரு சுத்து சுத்தினேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. பட்டறைக்குக்கூட சுத்திக்கினுதான் போறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுதுக்கினு இருந்த. நானும் அழுதா யாரு பாத்துக்கறது?"

அந்த வாரமே அவர் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். இயந்திரம் வைத்துக் கரையைப் பலப்படுத்தியிருந்தார்கள். முள்மரங்களை அழித்து, புதுமண் கொட்டிக் கரையை உயர்த்தியிருந்தார்கள். பனைமரத்தைக் காணோம்.

"இங்கதான்" என்று நின்றார். பிறகு, "இல்ல, அந்தாண்ட" என்று கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்தார். குனிந்து மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். மறுபடி நடந்தார். வேகமாக நடந்தார். "இங்கதான வெச்சேன், இங்கதான வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சரிவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த இடத்தைப் பார்த்து அழுவது என்று தெரியாமல், தண்ணீரைப் பார்த்து அழுதேன்.

நாங்கள் சேர்ந்துவிடுவோம் என்று அந்த அம்மாள் நம்பினார். நானும் நம்பினேன். மறு அமர்வில் என் கணவரிடம், "மனசு விட்டுப் பேசிட்டீங்க. ஒண்ணா இருந்து பாக்கலாமேப்பா?" என்று கேட்டார்.

"இது மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றார் அவர். "ஆனா இது சிரிச்சா அவன் சிரிக்கிற மாதிரியே இருக்குது. அந்த வாய், அந்தக் கன்னம். தெனமும் பாத்துக்கினு என்னால உயிரோட இருக்க முடியாது."

எனக்கும் கண்ணாடியில் அவன் தெரிவதுண்டு. நான் அதற்காகவே கண்ணாடி பார்ப்பேன். அவர் அதற்காகவே என் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

மனுவில் இருந்த பழிகளையெல்லாம் எடுத்துவிட்டு, இருவரும் மனமொத்துப் பிரிவதாக எழுதச் சொன்னேன். எழுதும்போது அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சட்டம் சொல்லும் காலம் காத்திருந்தோம். நீதிபதி, "யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

வெளியே வந்தோம். அவர் வாலாஜாபாத் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. நானும் கூடவே நடந்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகரும்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல நீ. போயி எதனா சாப்புடு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.