முப்பது வீட்டுக்கு எண்பத்தேழு ஓட்டு

அந்தத் தெருவில் டேப்பக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தையல்தான் பிழைப்பு. வாடிக்கையாளர் தன் இடுப்பளவை வாயால் சொன்னால் நம்பவே மாட்டாள். நாடாவைப் போட்டு அளந்து பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய குப்பைத்தொட்டி வரப்போகிறது, எங்கே வைக்கலாம் என்று சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார். இடங்கள் ஐந்து. மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போனைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. தையல்கடை வாசல் இருபத்துநாலு, காலி மனை இருபத்திரண்டு. மற்ற மூன்று இடங்களையும் விரல் விட்டுக் கூட்டினாள். மொத்தம் எண்பத்தேழு! தெருவில் இருப்பதோ முப்பது வீடு.

நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனாள்.

"கள்ள ஓட்டா சார்? என் கடையைக் காலி பண்ண வைக்கணும்னு யாரு சொன்னது?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. சம்மதமான இடத்தையெல்லாம் தொடலாம்னுதான் வச்சேன். ஆளுக்கு ரெண்டு மூணு தொட்டிருக்காங்க."

"அப்போ அவங்கவங்க வாசலை விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் தொட்டிருக்காங்க. நல்லா இருக்கே நியாயம்!"

தன் வாசலைத் தொட்டவர்களின் பெயர்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போன வாரம் சட்டைக்கு இரவோடு இரவாகக் காஜா போட்டு வாங்கிப் போன வாத்தியார் இருந்தார். எதிர்வீட்டு நர்ஸ் இருந்தாள். கடைசிப் பெயரை இரண்டு தடவை படித்தாள். கூடப் பிறந்த அக்கா! அவள் வீட்டு மாடியில்தான் டேப்பக்கா குடியிருந்தாள். நேரே அங்கே போய்க் கேட்டாள்.

"அஞ்சையும் தொட்டேன்டி," என்றாள் அக்கா. "யார் மனசும் நோகக் கூடாதுன்னு."

"என் மனசு?"

அக்கா அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

டேப்பக்கா விடவில்லை. வீடு வீடாகப் போய் நியாயம் கேட்டாள். "ஆளுக்கு ஒண்ணுதான்னு மறுபடி வைங்க" என்று செயலாளரைக் குடைந்தெடுத்தாள். அவரும் வைத்தார். ஆனால், யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரிந்தால் வீண் சண்டை வருமென்று, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வேறொரு படிவத்தில் வைத்தார்.

ஒன்றைத்தான் தொடலாம் என்றதும் கணக்கு தலைகீழானது. காலி மனைக்குப் பதினாறு, தையல்கடைக்கு ஏழு. 'அதுவும் பரவாயில்லை' என்று போகிறபோக்கில் அவள் வாசலைத் தொட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் மனைக்கே போய்விட்டார்கள். வியாழக்கிழமை தொட்டியும் அங்கே வந்து இறங்கியது.

ஜெயித்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் என்றபோதும் தன் வாசலையே தேடித் தொட்ட அந்த ஏழு பேர் யார்? வாத்தியார் சிரித்தால் அவராக இருக்குமோ என்று தோன்றியது. நர்ஸ் சிரிக்காமல் போனால் அவளேதான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தலையணை உறை தைக்கத் துணியோடு வந்தாள். கேட்காமலே சொன்னாள்:

"நான் மனைக்குத்தான்டி போட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே அக்கா," என்றாள் டேப்பக்கா, அவள் முகத்தையே பார்த்தபடி.