வாய் திறக்காமல் பார்த்த கொழும்பு

கொழும்பை நான் முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தது எட்டு வயதில், கால்நடையாக, ஒரு சொல்லும் பேசாமல். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எங்கள் ஊர் நாரந்தனையில் வாய் ஓயாத பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான்.

ஊரை விட்டு வெளிக்கிட்டு, வெளிநாட்டில் இருந்த அப்பாவிடம் போவதற்காக அம்மாவும் மாமாவும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த காலம். மாமா அம்மாவின் தம்பி. அன்று விடிய லொட்ஜ் முதலாளி வந்து, பக்கத்துத் தெருவில் சோதனை நடக்கிறது, பொலிஸ் பதிவு இல்லாத தமிழ் ஆம்பிளைகளைப் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். மாமாவிடம் பதிவு இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு அறிந்தது. மாமா கொழும்பு காட்டப்போகிறார் என்பது மட்டுந்தான் அன்று எனக்குத் தெரியும். அம்மா என் பொட்டை அழித்துவிட்டார். வெயிலுக்கு வழியும் என்றார், நம்பினேன்.

படியிறங்கும்போது மாமா ஒரு பந்தயம் கட்டினார்.

"பொழுதுபடுமட்டும் ரெண்டுபேரும் கதைக்கக்கூடாது. ஆர் முதல் வாய் திறக்கிறதோ, அவர் தோத்தது. நீ வெண்டால் ஐஸ்கிறீம்."

"கேள்வி கேக்கலாமோ?"

"அதுவும் ஏலாது."

புறக்கோட்டைக்குள்ளால் நடந்தோம். மாமா ஒரு வேலையும் இல்லாத பணக்காரர் மாதிரி ஆறுதலாக நடந்தார். கடைக்குக் கடை நின்று கண்ணாடிக்குள் பார்த்தார், ஒன்றும் வாங்கவில்லை. பேரை வாவியில் சொண்டுக்குக் கீழே பை தொங்கும் பெரிய பறவைகள் நின்றன. இதென்ன மாமா என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது, விழுங்கினேன். கண்டதை ஒருவரிடமும் சொல்லமுடியாவிட்டால் கண்டும் என்ன பிரயோசனம்? அவ்வளவு சனத்துக்குள்ளும் என்னைத் தனியே விட்டுவிட்டது போலிருந்தது. அழுதால் சத்தம் வரும், தோற்றுவிடுவேன் என்று அழுகையையும் அடக்கிக்கொண்டேன்.

பின்னேரம் காலிமுகத்திடலுக்கு வந்தோம். கடல் தெரிந்தது. எங்கள் வீட்டில் கடலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நயினாதீவு அம்மனை நினைத்துக் கும்பிடுவது வழக்கம், அம்மா அப்படிப் பழக்கியிருந்தார். இது எந்தக் கடல் என்று யோசிக்காமல் நானும் செருப்பைக் கழற்றி, தலைக்கு மேலே கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தபோது முன்னால் ஒரு பொலிஸ்காரர்.

குனிந்து சிங்களத்தில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். மறுபடியும் கேட்டார். அப்போதுதான் மாமா வாய் திறந்தார். மாமா முன்பு குருநாகலில் கடையில் வேலைக்கு நின்றவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. பிள்ளை பிறவி ஊமை, பேச்சு வரவேண்டும் என்று காணுகிற இடமெல்லாம் கும்பிடுகிறது என்று சொன்னாராம். பொலிஸ்காரர் என் தலையைத் தடவினார். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்துத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமா தோற்றுவிட்டார், அதைச் சொல்லப் பொழுதுபடவேண்டும்.

பொழுதுபட்டபிறகு லொட்ஜுக்குத் திரும்பினோம். பக்கத்து அறைகள் திறந்தபடி கிடந்தன, உள்ளே ஒருவரும் இல்லை. நான் நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"மாமாதான் முதல் கதைச்சவர். நான் வெண்டிட்டன்."

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"பிள்ளை பக்கத்தில நிண்டபடியாத்தான், அக்கா, பொலிஸ்காரன் விட்டவன்," என்றார் மாமா. "தனியப் போயிருந்தால் காலமையே பிடிச்சிருப்பாங்கள்."

அந்தப் பறவைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நாளைக்குச் சொல்லு ராசாத்தி என்றார் அம்மா. ஒரு நாள் முழுக்கச் சேர்த்துவைத்த கதையைக் கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு அம்மாவிலும் கோபம் வந்தது.

நான் கும்பிட்ட நேரம் தவிர, அன்று முழுக்க மாமா என் கையை விடவேயில்லை. வியர்த்து வழுக்கிய போதெல்லாம் மறுபடி இறுக்கிப் பிடித்தார். விரலெல்லாம் நொந்தது. இவ்வளவு பெரிய பட்டினத்தில் நான் தொலைந்துபோய்விடுவேன் என்று மாமா பயப்படுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.