கோடு அறுந்த நாட்கள்

திங்கட்கிழமை காலையில் மாடிப்படி இறங்கும்போது சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம்" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்க வேலை இருக்காது. ஞாயிறு மாலை ஏழு பத்துக்கு அக்கா கூப்பிடுவாள். அதோடு சரி. ஒத்திகை பார்க்காமல் போன ஒரு திங்களில், வாயிற்காவலரிடம் சொன்ன முதல் சொல் வெறும் காற்றாக வந்தது. "என்ன சார், சளியா?" என்று கேட்டார் அவர். "ஆமா" என்று சொல்லித் தப்பித்தான். அன்றிலிருந்து இந்த ஒத்திகை.

வீட்டில் சின்னவன் என்றாலும் வயது முப்பத்தெட்டு. இந்த நகரத்துக்கு வந்து பதினோரு வருஷம். மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வாங்க ஒரு தடவை கடை வரைக்கும் போனான். யார் உட்காரப்போகிறார்கள் என்று யோசித்துவிட்டு, ஒரு குடையை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

வேலை மருந்துக் கிடங்கில். தடுப்பு மருந்துகளைக் குளிரில் வைத்து ஊர் ஊராக அனுப்பும் இடம். பன்னிரண்டு குளிரறைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்களைக் கட்டம் கட்டமாகப் பார்த்தால் கண்தான் வலிக்கும். அவற்றைப் பார்த்த உடனே புரிகிற படமாக வரைந்து காட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. மூன்றை எடுத்து, ஒன்பது வாரம் ஓட்டிப் பார்த்து, எது நல்லது என்று எழுதித் தரவேண்டும். அந்தப் பொறுப்பு சின்னவனுக்கு வந்தது. ஒரு எண்ணை மூன்று தடவை சரிபார்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போகாதவன் அவன். அவனைவிட்டால் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

கூடவே மேலாளர் ஒரு வார்த்தையும் சொன்னார். "எல்லாம் போன்லயே பாக்கற மாதிரி வந்துட்டா, நீங்க இங்கதான் உக்காரணும்னு என்ன இருக்கு? உங்க ஊர்க் கிளைக்கே போயிடலாமே. நான் எழுதித் தர்றேன்."

சின்னவன் அதை அந்த ஞாயிறே அக்காவிடம் சொல்லிவிட்டான். அதுதான் வினை. அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். அளவெடுக்காமல் எதையும் நம்பமாட்டாள். அடுத்த வாரமே ஊரில் தன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து, நாலு அடி எட்டு அங்குலத்தில் ஒரு மேசை செய்யச் சொல்லிவிட்டாள். "என் தம்பி கம்ப்யூட்டர்ல படம் வரையறான். வரையறதுக்கு எடம் வேணாமா?" என்று தச்சரிடம் அவள் சண்டை போட்டது தெருவுக்கே கேட்டதாம்.

மூன்று மென்பொருள்களுக்கும் சின்னவன் பெயர் வைத்தான். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாதவன் பெயராவது வைத்துக்கொள்ளட்டுமே! முதலாவது திறந்த உடனே வண்ணமும் மினுக்குமாக எல்லாரையும் மயக்கியது, அது மாப்பிள்ளை. இரண்டாவது, ஒரு கோடு போடச் சொன்னால் ஒன்பது கேள்வி கேட்கும்; அது வாத்தியார். மூன்றாவது திறப்பதற்கே நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது. சோம்பேறி என்று எழுதி மூன்றாம் வாரமே அதைக் கழித்துக்கட்டினான்.

ஆனால் ஓட்டிப் பார்ப்பதற்கு விவரம் வேண்டும். வாங்காத மென்பொருளுக்குள் கிடங்கின் எண்களைப் போடக்கூடாது என்பது விதி. கடையில் கிடைக்கும் மாதிரி விவரங்களை அவன் நம்பவில்லை. யாரோ ஒருவர் அழகாக இட்டுக்கட்டியவை அவை. தப்பாக வரைந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. உண்மை என்னவென்று தனக்கு நிச்சயமாகத் தெரிந்த விவரமாக இருக்கவேண்டும். யோசித்து யோசித்து, தன்னுடைய கைபேசியின் இரண்டு வருஷ அழைப்புப் பட்டியலை எடுத்தான். தேதி, நேரம், எத்தனை நிமிடம், யார். ஆள் பெயர்களை எடுத்துவிட்டு அக்கா, அலுவலகம், விளம்பரம், தவறான எண் என்று நாலாகப் பிரித்துக்கொண்டான். ஐந்தாவது பிரிவு தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை அதை வாங்கி மூன்று நொடியில் வரைந்து நீட்டியது. நீல நிறத்தில் ஓர் அலைக்கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஏறி இறங்கி ஓடியது. நாளும் பொழுதும் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும் மனிதனின் கோடு. சின்னவனுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதைக் கணினித் திரையின் முகப்பிலேயே வைத்திருந்தான். தன் போன் பேச்சின் படம் என்று அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினான்.

"என்னடா, இவ்ளோ பேசறியா நீ? யார்ட்டடா?" என்றாள் அக்கா. "ஏதாவது பொண்ணா? சொல்லு, கோவிச்சுக்கமாட்டேன்."

"போக்கா. அது சும்மா சாம்பிள்."

"சாம்பிள்னு ஒரு பேரா? நல்லாத்தான் இருக்கு."

மூன்றாம் நாள் அதே பட்டியலை வாத்தியாரிடம் கொடுத்தான். அது வழக்கம்போல ஒன்பது கேள்வி கேட்டுவிட்டு வரைந்தது. வந்ததைப் பார்த்ததும், எங்கோ தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தான். கோடே இல்லை. அங்கங்கே ஒரு புள்ளி, நடுவில் வெள்ளை. இன்னொரு புள்ளி, மறுபடியும் வெள்ளை. விரலை வைத்து எண்ணினான். எழுநூற்று முப்பத்தொரு நாட்கள். பேச்சு நடந்தவை நூற்று அறுபத்தெட்டு. மற்ற ஐந்நூற்று அறுபத்து மூன்று நாட்களும் வெள்ளை.

வாத்தியார் தப்புச் செய்யவில்லை. பேச்சே நடக்காத நாட்களை மாப்பிள்ளை தள்ளிவிட்டு, அடுத்த புள்ளி வரைக்கும் கோட்டை இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் பத்தொன்பது நாள் வெள்ளை. அது எப்போது என்று சின்னவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்கள். அந்தச் சமயம் பார்த்து அக்காவின் கைபேசி தண்ணீரில் விழுந்து பழுதுபார்க்கப் போயிருந்தது. மாப்பிள்ளையின் படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சரிவு. அவ்வளவுதான்.

அன்று சாப்பிடப் போகாமல் அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, குளிரறைகளின் ஞாபகம் வந்தது. கருவி கெட்டுப்போய் ஆறு மணி நேரம் ஒன்றுமே பதிவாகவில்லை என்றால்? ஒரு பொய்ப் பட்டியல் தயாரித்தான். பன்னிரண்டு அறைகள், ஏழாம் அறையில் மட்டும் ஆறு மணி நேர எண்கள் இல்லை. மாப்பிள்ளை பன்னிரண்டு அழகான கோடுகளை வரைந்தது. ஒன்றில்கூட ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை.

விற்பனைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அது ஒரு செட்டிங்தான் சார். மாத்திக்கலாம்."

"போன்ல?"

"கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம். போன்ல... இப்போதைக்கு வராது. பாக்கறதுக்கு அழகா இருக்கணும் இல்லீங்களா?"

குளிரறைகளின் மேற்பார்வையாளர் ஓர் அம்மாள். வெயில் கொளுத்தும் நாளிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாததால் கிடங்கில் எல்லாருக்கும் அவர் கம்பளியம்மா. சின்னவன் அவரைக் கூப்பிட்டு மாப்பிள்ளையின் படத்தைக் கைபேசியில் காட்டினான்.

"இதுல எந்த ரூம்ல பிரச்சினைன்னு சொல்லுங்கம்மா."

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது தம்பி."

வாத்தியாரின் படத்தைத் திரையில் காட்டினான். கம்பளியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏழுல கோட்டைக் காணோமே! எங்க போச்சு?" கேட்டுக்கொண்டே எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"அம்மா, அம்மா, இது பொய்யான லிஸ்ட்டு. நான் போட்டது."

"அடப்பாவி, ஏழாம் ரூம் மருந்தெல்லாம் போச்சுன்னு நெனச்சுட்டேனே!" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவர் எழுந்து போன அந்த நாலு எட்டு, சின்னவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வாத்தியாரிடம் ஒரு குறை. அலுவலகத்திலுள்ள ஒரே ஒரு கணினியில்தான் ஓடும். தினமும் காலையில் ஓர் ஆள் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒன்பது கேள்விக்கும் பதில் சொல்லி, படத்தைச் சுவர்த்திரைக்கு அனுப்பவேண்டும். அந்த ஆள் யாரென்று கேட்கத் தேவையில்லை.

ஒப்பீட்டுத் தாளில் பதினான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மாப்பிள்ளை நூற்றுப் பதினெட்டு. வாத்தியார் நூற்றுப் பதினொன்று. கூட்டல் சரிதான். தாளை அப்படியே கொடுத்துவிட்டு ஊருக்குப் பெட்டி கட்டலாம்; ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த ஞாயிறு, ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துவிட்டதாக அக்கா சொன்னாள். "பச்சையா, நீலமா? நீலம்தான் எடுத்தேன். உன் கோடு நீலமா இருந்துச்சே." சின்னவன் "சரிக்கா" என்றான். அடுத்து அவள் என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை.

திங்களன்று தாளில் பதினைந்தாவது கேள்வியை எழுதினான்: இல்லாததை இல்லை என்று காட்டுகிறதா? மாப்பிள்ளைக்குச் சுழியம், வாத்தியாருக்குப் பத்து. நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தொன்று. மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான்.

கூட்டத்தில் மேலாளர், கொள்முதல் அதிகாரி, கம்பளியம்மா மூவரும் இருந்தார்கள். சின்னவன் முதலில் அழைப்புப் பட்டியலின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒரே விவரம்தான், ஒருவருடைய கைபேசி அழைப்புகள் என்று மட்டும் சொன்னான்.

வெள்ளையாகக் கிடந்த படத்தைக் கம்பளியம்மா உற்றுப் பார்த்தார். "யாருப்பா இந்த மனுஷன்? பாவம்."

"ஏதாவது தீவுல இருக்கறவரா இருப்பார்" என்றார் கொள்முதல் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். சின்னவனும் ஒரு விநாடி பிந்திச் சிரித்தான்.

"சும்மா மாதிரிக்கு எடுத்தது" என்று சொல்லிவிட்டு ஏழாம் அறைக்குப் போனான்.

படம் முடிந்ததும் கொள்முதல் அதிகாரி தாளைத் தட்டினார். "இந்தப் பதினஞ்சாவது கேள்வி ஒண்ணுதான் இடிக்குது. அதை எடுத்துட்டா மொதலாவதே வந்துடுமே. போன்லயும் பாக்கலாம்."

மேலாளர் சின்னவனைப் பார்த்தார். "அதை வெச்சா நீங்க இங்கதான். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எடுத்துடலாமா?"

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வரும்போது கம்பளியம்மா அவன் பக்கத்தில் நடந்து வந்தார். என்னவோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏழாம் அறைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு ஏழு பத்துக்கு அக்காவிடம் சொன்னான். முழுவதையும் சொன்னான்: மாப்பிள்ளை, வாத்தியார், ஆறு மணி நேரம், பதினைந்தாவது கேள்வி. அக்கா குறுக்கே பேசவில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு வழக்கமே இல்லை.

"அந்த இன்னொரு படத்தை அனுப்பு" என்றாள் கடைசியில். "அறுந்து கெடக்குன்னியே, அது."

"அது எதுக்குக்கா?"

"அனுப்புடான்னா."

அனுப்பினான். ஊசிக்கண்ணில் நூல் கோக்கும்போது அவள் மூச்சுவிடமாட்டாள்; அப்படி ஓர் அமைதி.

"இந்தப் பத்தொன்பது நாள் என்னடா?"

எண்ணியிருக்கிறாள்.

"லேசாக் காய்ச்சல். அப்ப உன் போன் ரிப்பேர்."

"பக்கத்து வீட்டு நம்பர் இருந்துச்சுல்ல? சொல்லவே இல்லையே நீ."

அக்காவே பேச்சை மாற்றினாள். "சரி, மேசை ஒண்ணும் வீணாப்போகல. துணி வெட்ட வசதியாத்தான் இருக்கு. தச்சன் வந்தா என் தம்பி இல்லாம அங்க ஒரு மருந்து வெளிய போகாதுன்னு சொல்லிக்கறேன்." அவளே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை படியில் ஒத்திகை. "வணக்கம்." வாத்தியாரின் ஒன்பது கேள்விகள். சுவரில் பன்னிரண்டு கோடுகள், ஒன்றும் அறுந்திருக்கவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மாலை அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கைபேசி அடித்தது. மணி ஏழு பத்து.

"என்னக்கா? என்ன ஆச்சு?" பதறிப்போய்க் கேட்டான்.

"ஒண்ணும் ஆகல. இன்னிக்குப் புதன்கிழமை."

"ம்."

அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிறே எல்லாம் பேசித் தீர்ந்திருந்தது. அக்கா கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது. தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. சின்னவன் தன்னுடைய ஒரே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதில் வைத்த கைபேசியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.