உள்பக்க ஸ்க்ரூ

தாராவியில ஒரு மரப் பட்டறை. நானே டிசைன் பண்ணின மடக்கு பூத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இதை டைப் பண்றேன்.

கண்காட்சிக்கான பூத். சுவரும் கூரையும் விசிறி மாதிரி மடியணும். செம்பூர் ஆபீஸ்ல திரையில ஸ்லைடரை இழுத்து இழுத்து நூறு தடவை மடக்கிப் பார்த்தேன். அழகா மடிஞ்சது. ஏன்னா கம்ப்யூட்டர்ல பலகைக்கு அப்போ தடிமனே கிடையாது. கடைசியா பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனை உள்பக்கமா ஏத்திட்டு ஃபைலை அனுப்பிட்டேன். திரும்ப மடக்கிப் பார்க்கலை.

இன்னிக்கு உள்ள நின்னுக்கிட்டு, "மடக்குங்க பாய்"ன்னேன்.

உள்நோக்கி மடியற இடத்துல பலகையும் பலகையும் முட்டி, பாதியில இறுகிடுச்சு. மடியவும் இல்லை, விரியவும் இல்லை.

பட்டறைக்கார பாய் இடுக்கு வழியா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல பலகைக்குத் தடிமனே கெடையாதாக்கும்?"

"அறுத்துடுங்க பாய்."

"ரம்பம் உங்க மேல பட்டுரும்மா. கீலைக் கழட்டுனாப் போதும்."

"அப்போ கழட்டுங்க!"

"எப்படிக் கழட்ட? ஸ்க்ரூ எல்லாம் உள்ளல்லா இருக்கு. வெளிய ஒண்ணுகூடத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானம்மா மூணு தடவை போன் போட்டுச் சொன்னிய."

சொன்னேன்தான்.

இடுக்கு வழியா ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். பாவம், சாயாவும் நீட்டினார். கிளாஸ் நுழையலை.

பதினோரு ஸ்க்ரூ கழட்டியாச்சு, இன்னும் முப்பத்தேழு இருக்கு. நடுவுல ஆபீஸ்ல இருந்து சார் மெசேஜ்: "ஃபினிஷிங் எப்படி வந்திருக்கு?"

"வெளியிலிருந்து பார்த்தா ஒரு ஸ்க்ரூகூடத் தெரியலை சார்"னு பதில் போட்டிருக்கேன்.