செவ்வாயில் முளைத்த தூண்கள்

கல்லூரிக் கடைசி வருஷம், செவ்வாய் கிரகத்தின் மேடுபள்ளங்களைக் கணினித் திரையில் முப்பரிமாணமாகக் கொண்டுவருகிறோம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். குழுவில் இருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். ஓசூர்ப் பக்கம் புராஜெக்டை யார் செய்கிறார்கள்? கர்நாடக பார்டர் தாண்டிப் போனால் பெயரை மட்டும் மாற்றி பைண்டிங் போட்டுக் கையில் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன. "செய்யறதுக்கு நாம என்ன பைத்தியமா?" என்று கேட்டவன், எங்களில் இங்கிலீஷ் சரளமாக வரும் ஒரே ஆள். பைத்தியம்தான். மத்திகிரியில் வாடகை வீடு, அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரே ஒரு வெளியாள் வந்து பார்த்து, இதைச் செய்தது இந்தப் பெண்தான் என்று ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது எனக்கு. மார்க்கைக்கூட அவ்வளவு நினைக்கவில்லை.

விண்கலம் அளந்த உயரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. அவற்றைப் புள்ளி புள்ளியாகப் படித்து, முக்கோணங்களாக இணைத்து, மேலே நிறம் பூச வேண்டும். பூசினேன். பள்ளம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தூண்கள் நின்றன, பாதியில் விட்ட மேம்பாலம் மாதிரி. மூன்று வாரம் அவற்றோடு மல்லுக்கட்டினேன்.

ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிருஷ்ணகிரி போகும்போது, பஸ் ஜன்னலில் ஒரு கிரானைட் குவாரி தெரிந்தது. தரைக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. கீழே இருப்பதற்குக் கழித்தல் குறி உண்டு. என் புரோகிராம் அந்தக் குறியைப் படிக்கவே இல்லை. ஆழத்தையெல்லாம் பெரிய உயரமாக எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். தூண்கள் போய்ப் பள்ளத்தாக்கு திறந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதையெல்லாம் படத்தோடு நான்கு பக்கம் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, தப்பை எழுதி வைத்தால் மார்க் போய்விடும், எடுத்துவிடு என்றார். பள்ளிக்கூடத்திலிருந்தே எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். ரெக்கார்டு நோட்டில் ஓர் அடித்தல் இருந்தாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவோம். மறுபேச்சில்லாமல் எடுத்தேன். அதோடு நின்றேனா? சுத்தமாக இருக்கட்டும் என்று லேப்டாப்பில் இருந்த தூண் படங்களையும் சேர்த்து அழித்தேன். புத்தி கெட்டவள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இங்கிலீஷ் வருகிறவர் பேசுவார், செய்தவர் மவுஸைப் பிடிப்பார். எல்லாக் குழுவிலும் அதுதான் ஏற்பாடு. வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் பள்ளத்தாக்கை ரசித்துத்தான் பார்த்தார். பிறகு, செய்யும்போது எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டார். நான் காத்திருந்த கேள்வி அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் இங்கிலீஷ்காரன் முந்திக்கொண்டு, எங்கேயும் இல்லை சார், எல்லாமே ஸ்மூத் என்றான்.

தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"செஞ்சவங்களுக்கு எங்கியாவது இடிச்சிருக்கும்பா. வாங்கினவங்களுக்குத்தான் எல்லாம் ஸ்மூத்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லு. எந்தக் கடை?"

"நானேதான் சார் செஞ்சேன். மொதல்ல பள்ளமெல்லாம் தூணா வந்துச்சு..."

"ரிப்போர்ட்ல எந்தப் பக்கம்? காட்டு."

இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். படமாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லா பேட்ச்சும் தாங்களே செய்ததாகத்தான் சொல்கிறது என்று சலித்துக்கொண்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றியிருந்தால், அவர் கண்ணெதிரிலேயே தூண்கள் எழும்பியிருக்கும். அரை நிமிஷ வேலை. மவுஸ் என் கையில்தான் இருந்தது.